சபை அறையில் இருந்த சிலிண்டர்

எங்கள் அலுவலகத்தில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை அதற்கு இரண்டு நாள் முந்தியே பிடித்துவிட்டிருந்தது. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். கிழமையும் நேரமும் தவறாமல் குறித்து வைப்பேன். அந்த வாரத்துப் பக்கங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது. வியாழக்கிழமைப் பக்கத்தில் நேரங்கள் மட்டும் இருக்கின்றன, வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அந்த வாக்கியங்களைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பாறசாலையில் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நிறுவனம். ஆக்ஸிஜனைச் சிலிண்டரில் நிரப்பிச் சிறிய மருத்துவமனைகளுக்கும், வீட்டில் வைத்துப் பார்க்கப்படும் நோயாளிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. சிலிண்டரை இந்தப் பக்கத்தில் யாரும் சிலிண்டர் என்று சொல்வதில்லை, குற்றி என்பார்கள். வீட்டு நோயாளிகள் பெரும்பாலோரிடம் மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின் உண்டு. மின்சாரம் போனால்தான் அவர்களுக்குக் குற்றி. சிறிய குற்றி ஒன்று ஏறத்தாழ அரை நாள் தாங்கும். அதற்குள் மின்சாரம் வந்துவிடும் என்பது கணக்கு.

அலுவலகத்தில் எல்லாம் நோட்டில்தான் இருந்தது. எந்த எண் குற்றி எந்த வீட்டில், எப்போது போனது, எப்போது காலியாகித் திரும்பியது. அந்த நோட்டுகளை எழுதியவன் நான். எனவே மென்பொருள் வாங்குவதென்று முதலாளி முடிவு செய்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து வந்த பெண்ணுக்கு எங்கள் வேலைமுறையை விளக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அவளுக்கு முப்பது வயது இருக்கும். நெய்யாற்றின்கரைக்காரி, வீட்டில் தமிழ் பேசுகிறவள். மென்பொருளை எழுதுவது வேறு ஆட்கள். அதற்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது இவள் வேலை.

அவள் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க வாசலில் நின்று வண்டி ஏற்றுவதைப் பார்த்தாள். மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, போன் வந்தால் நான் என்ன எழுதுகிறேன், எதை எழுதாமல் விடுகிறேன் என்று பார்த்தாள். பிறகு பெரிய தாளில் கட்டம் கட்டமாக வரைந்தாள். கட்டத்திலிருந்து கட்டத்துக்கு அம்புக்குறி. என் பதினோரு வருட வேலை ஒரு மேசையளவு தாளில் அடங்கியதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கடைசிக் கூட்டத்தில் முதலாளியும் உட்கார்ந்திருந்தார். அவள் தாளை விரித்து வைத்து என்னிடம் கேட்டாள்.

"சார், ஒரு குற்றி மூணு இடத்துலதான் இருக்க முடியும்னு போட்டிருக்கேன். நம்ம குடோன், வண்டி, நோயாளி வீடு. நாலாவது இடம் ஏதும் உண்டா?"

"இல்லை" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்கயாவது கொண்டு வைக்கிறது, யாருக்காவது கைமாத்திக் கொடுக்கிறது, அப்படி ஒண்ணும்?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் நம்ம கம்பெனியில கிடையாது கேட்டியளா. சார் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆளு" என்றார்.

நானும் தலையை ஆட்டினேன்.

நாலாவது இடம் உண்டு. எனக்கு அது தெரியும். நோட்டில் ஒன்பது குற்றிகளின் எண்ணுக்கு எதிரே நான் ஒரு புள்ளி மட்டும் வைத்திருப்பேன். அவை காணாமல் போனவை அல்ல. எங்கள் வண்டி ஓட்டுநர், பதினேழு வருடமாக இந்த வழிகளில் ஓடுகிறவர், ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பொது இடத்தில் நிறைந்த குற்றி ஒன்றை வைத்திருந்தார். ஒரு ஊரில் நூலகத்தின் பின்னறை. இன்னொரு ஊரில் பால் சொசைட்டி. எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கிறிஸ்தவச் சபைக் கோயிலுக்குப் பக்கத்து அறை. மின்சாரம் நெடுநேரம் வராவிட்டால் அக்கம்பக்கத்து நோயாளி வீட்டார் போய் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த முறை வண்டி வரும்போது சொல்வார்கள், இவர் மாற்றி வைப்பார். கொரோனா நாட்களில் குற்றிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று முதலாளி விதி போட்டார். அந்த விதியை மீறாமல் ஆட்களைக் காப்பாற்ற ஓட்டுநர் கண்டுபிடித்த வழி இது. முதலாளிக்குத் தெரியாது. எழுதினால் தெரிந்துவிடும் என்பதால் நான் எழுதவில்லை. எழுதாமல் இருந்து இருந்து, அப்படி ஒன்று இல்லை என்றே கூட்டத்தில் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

மென்பொருள் தொடங்கும் முன் எல்லாக் குற்றிகளையும் எண்ணி ஏற்ற வேண்டும். ஒன்பது குறையும். அந்த ஒன்பதுக்கும் ஒரு இடம் சொல்லவேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஓட்டுநரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வெளியே இருக்கிற ஒன்பது குற்றியையும் எடுத்துட்டு வந்திருங்க."

"எதுக்கு?"

"கணக்கு ஒத்து வரணும். அது முடிஞ்ச பிறகு பாத்துக்கலாம்."

"சாரே, அது காணாமப் போனதாக்கும்னு நினைச்சியளா? இருக்கவேண்டிய இடத்துல இருக்கு."

"கம்ப்யூட்டருக்கு அந்த இடம் தெரியாது அண்ணே."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாட்டா சொல்லிக் கொடுக்கணும். அந்தக் கொச்சுப் பொண்ணு ரெண்டு வாரமா நோட்டும் பேனாவுமா நம்ம பொறத்தால நடந்துதே. நீங்க சொல்லலியா?"

நான் நோட்டைப் புரட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஷெரி. எடுத்துட்டு வாறேன். மழைக்கு முந்தி எடுக்கச் சொல்லுதியளே, அதுதான் பேடியும் பயமுமா இருக்கு" என்று சொல்லிப் போனார். சனிக்கிழமை மாலை நாலரைக்கு ஒன்பதும் குடோனுக்கு வந்தன. எண்ணி ஏற்றினேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. முதலாளி என் தோளில் தட்டினார்.

அந்த வேகத்திலேயே இன்னொன்றும் செய்தேன். புதிய முறையில் வாசலைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு குற்றிக்கும் கம்ப்யூட்டர் ஒரு சீட்டு அடித்துத் தரும். ஒரு வீட்டிலிருந்து காலிக்குற்றி வந்தால்தான் அந்த வீட்டுக்கு நிறைந்த குற்றி போகும். அந்த விதியை அவளிடம் சொல்லி எழுத வைத்தவனும் நான்தான். சீட்டு இல்லாமல் எதுவும் போகக்கூடாது என்று வாசல் காவலரிடம் சொல்லும்போது, "நானே வந்து கேட்டாலும் விடாதீங்க" என்று சேர்த்துச் சொன்னேன். அப்போது அது எனக்கு நல்ல வேடிக்கையாகப் பட்டது.

திங்கள் போனது. செவ்வாய் போனது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. அலுவலகத்தில் எல்லோரும் புதிய திரையைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் மின்விளக்கு ஒரு கணம் மங்கினாலும் கண் அங்கே போனது. இன்வெர்ட்டர் இருந்ததால் எங்களுக்கு மின்சாரம் போவதே தெரியாது; ஒரு சின்னத் துடிப்பு, அவ்வளவுதான். அந்தத் துடிப்புகளையும் நேரம் போட்டு எழுதினேன். செவ்வாய் நான்கு, புதன் ஏழு. ஏன் எழுதுகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. புதன்கிழமை மாலை ஓட்டுநரிடம், "எதுக்கும் இந்த வாரக் கடைசியில ரெண்டு இடத்துலயாவது திரும்ப வச்சிருவோமா?" என்று கேட்டேன். "சீட்டு?" என்றார் அவர். நான் பேச்சை மாற்றினேன்.

வியாழக்கிழமை பகல் ஒன்று பத்துக்குப் போன் வந்தது. எல்லைக் கிராமத்திலிருந்து ஒரு பெண். அவள் கணவரை எனக்குத் தெரியும். இருபது வருடம் பாறைமடையில் துளைபோடும் வேலை செய்து, கல்தூசு நுரையீரலில் படிந்து, ஐம்பது வயதில் வீட்டோடு ஆனவர். ஓட்டுநரோடு பள்ளியில் படித்தவர்.

"சாரே, கரண்டு வெளுக்கும்முன்ன போச்சு. பலா மரம் கம்பியில விழுந்து கிடக்கு. குற்றியில முள்ளு செகப்புக்கு வந்தாச்சு. சபை அறைக்குப் போனா அங்க குற்றி இல்ல. யாரு எடுத்தாவன்னு கேட்டா நீங்க எடுத்துட்டுப் போனியன்னு சொல்லுதாவ. அப்படியா சாரே?"

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு லிட்டருல வச்சிருந்தத ஒண்ணாக் குறைச்சிருக்கேன். ஆளு இருந்து மூச்சு வலிக்கியாரு. என் போன்ல சார்ஜும் இல்ல, இப்போ போயிரும்..."

போயிற்று. மறுபடி கூப்பிட்டேன், மணி அடிக்கவில்லை.

ஓட்டுநர் அப்போதுதான் கோட்டுகால் பக்கம் குற்றிகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்திருந்தார். நான் சொன்னதும் மூடிவிட்டார். இரண்டு சிறிய குற்றிகளைத் தோளில் ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் வைத்தார். நான் கம்ப்யூட்டரில் அந்த வீட்டைத் தேடி எடுத்துச் சீட்டுக்கு அழுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது: காலி வரவில்லை, வழங்க இயலாது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே எழுத்து.

வாசலுக்கு ஓடினேன். காவலர் கம்பிக்கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றார்.

"திறங்க, அவசரம்."

"சீட்டு உண்டா சாரே?"

"சீட்டு வரமாட்டேங்குது. நான் சொல்றேன், திறங்க."

"நீங்க வந்து கேட்டாலும் விடப்படாதுன்னு நீங்கதான சொன்னிய? இது என்னைச் சோதிச்சுப் பாக்கியதாக்கும்."

அவர் சிரித்தார். உண்மையாகவே பரீட்சை என்று நினைத்திருந்தார். வண்டிக்குள்ளிருந்து ஓட்டுநர் தலையை நீட்டி, "எலே, இது பரீட்சை இல்ல, அங்க ஒருத்தன் மூச்சுக்குத் தவிச்சு நிக்கான்!" என்று கத்தினார். காவலரின் சிரிப்பு நின்றது, ஆனால் கை தாழ்ப்பாளை விடவில்லை. "முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுத் தாருங்க சாரே. எனக்க வேலையாக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதலாளியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் அன்று காலை விமானத்தில் வெளியூர் போயிருந்தார்.

ஒன்று இருபத்தொன்றுக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன், மென்பொருள்காரியை. இரண்டாவது மணியில் எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், அந்த வீட்டுல ஒரு குற்றி இருக்குன்னு சிஸ்டம் சொல்லுது. அதனால ரெண்டாவது தராது. நீங்க தந்த விதிதான் அது."

"தெரியும்."

"இதுக்கு முன்னாடி இப்படி ஆனா என்ன செய்வீங்க?"

வாசலில் காவலரும் ஓட்டுநரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைச்சாரல் போனில் விழாமல் கையால் மறைத்துக்கொண்டு சொன்னேன். சபை அறை, நூலகம், பால் சொசைட்டி, ஒன்பது குற்றி, எல்லாவற்றையும். அன்றைக்குக் கூட்டத்தில் இல்லை என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்போ நாலாவது இடம் உண்டு" என்றாள். பிறகு, "புதுசா ஒரு வாடிக்கையாளரைத் திறக்கிறேன். புது ஆளுன்னா காலி கேட்காது. பேரு என்ன போட?" என்றாள்.

"சபை அறை."

"போன் நம்பர் இல்லாம ஏத்துக்காது சார்."

"என்னோட நம்பரப் போடுங்க."

"நோய்?"

"நோயா?" என்றேன். "அந்தக் கட்டமும் நிரப்பணும்" என்றாள். ஓட்டுநர் ஜன்னல் வழியாக, "மறதின்னு எழுதச் சொல்லுங்க, நம்ம சாருக்க நோய்" என்றார். அவள் சிரிக்காமல் எதையோ நிரப்பினாள். ஒன்று முப்பத்திரண்டுக்கு இரண்டு குற்றிக்கும் சீட்டு வந்தது. காவலர் அதை வாங்கிப் படித்துப் பார்த்தார். சபை அறை என்ற பெயரைப் பார்த்து என்னைப் பார்த்தார். பிறகு திறந்தார்.

சீட்டுக்காக மட்டும் பதினொரு நிமிடம். வண்டியில் உட்கார்ந்திருந்தபோது அந்த எண்ணைத் தவிர வேறெதுவும் என் மனத்தில் நிற்கவில்லை. நெடுஞ்சாலையில் களியக்காவிளைப் பக்கமாகத் திரும்பியதும் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர் குறுக்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து மண்வழியில் வண்டியை விட்டார். சக்கரம் சறுக்கியது. பின்னால் குற்றிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது. கட்டியிருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"நான் சொல்லியிருக்கணும் அண்ணே, அன்னைக்குக் கூட்டத்துல."

"இப்போ அது பேசியதுக்கா நேரம்? வழியப் பாரும். எதுக்க வண்டி வருதான்னு சொல்லும்."

எப்போதும் 'நீங்க' என்பவர் அன்று 'பாரும்' என்றார். நான் வழியைப் பார்த்தேன்.

அந்தக் கிராமத்தில் மாநில எல்லை ஒரு சந்து. சந்துக்கு இந்தப் பக்கம் கேரள வீடுகள், அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வீடுகள். இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள்தான், ஒரே சபைதான். ஆனால் மின்கம்பி வேறு வேறு. வண்டி சந்து முனையில் நின்றபோது மணி இரண்டு ஆறு. இந்தப் பக்கத்து வீடுகள் இருட்டி உட்கார்ந்திருந்தன. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டு வராந்தாவில் பகலிலேயே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

ஓட்டுநர் குற்றியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். நான் இரண்டாவதைத் தூக்கப் பார்த்து, முடியாமல், தரையில் சாய்த்து உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். சந்தின் குறுக்கே தலைக்கு மேலே ஒரு கறுப்பு வயர் தொங்கியது. துணி காயப்போடும் கழைக்கம்புகளில் அதைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டு, பால்பாக்கெட் உறையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. உறையிலிருந்து மழைநீர் சொட்டியது. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி குடையோடு நின்று, ஒரு கம்பு சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தொடாதிய, கரண்டு உண்டு!" என்று கத்தினாள். "குற்றி தேடிப் போன இடத்துல இந்த வயருதான் கெடந்துது. சபைக் கன்வென்ஷன் கூட்டத்துக்கு லைட்டு போடுததாக்கும். என் வீட்டுலேந்து இழுத்து மெஷினுக்குக் கொடுத்திருக்கு. அரை மணிநேரமா ஓடுது, இடைக்கிடை நிக்குது."

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் ஒரே சீராக இல்லை, இரைவதும் தணிவதுமாக இருந்தது. நோயாளி கட்டிலில் படுக்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எலும்பு மேலே ஏறி இறங்கியது. மனைவி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பழைய குற்றியின் முள் அடியில் படுத்துவிட்டது. ஓட்டுநர் அதைக் கழற்றும்போதே மெஷின் பெருமூச்சுப் போல ஒரு சத்தம் போட்டு நின்றது. வெளியே எதிர்வீட்டுப் பெண், "பீஸ் போச்சு!" என்று கத்தினாள்.

புதிய குற்றியைப் பூட்டத் திருகு சாவி வேண்டும். ஓட்டுநர் இடுப்பிலிருந்து எடுத்தார். முதல் திருகில் நழுவியது. இரண்டாவது முறை பிடித்தது. காற்றுச் சீறும் சத்தம் கேட்டது, முள் மேலே ஏறியது.

"எலே மக்கா, இழு. பைய இழு. அவசரம் ஒண்ணும் இல்ல, குற்றி நெறைய உண்டு" என்றார் ஓட்டுநர். நிறைய இல்லை. இரண்டுதான் இருந்தது.

இரண்டு பதினெட்டுக்கு அவர் ஜன்னல் கம்பியை விட்டார். அந்த நேரத்தைக் குறித்தேன். இரண்டு இருபத்தைந்துக்குப் பேசினார். முதலில் ஓட்டுநரைப் பார்த்து, "நீ இன்னும் சாவல்லியா" என்றார். "உனக்குக் குற்றி சுமக்க நான் வேண்டாமா?" என்றார் ஓட்டுநர். நோயாளியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். நான் கதவோரம் நின்றேன். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

நோயாளி என்னைப் பார்த்தார். "மத்த... மூணு வீட்டுக்கும்... போனியளா?"

அதுவரை எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. சபை அறையில் இருந்த ஒரு குற்றி நாலு வீட்டுக்குப் பொது. நாலும் இதே கம்பியில் மின்சாரம் எடுக்கும் வீடுகள். விடியும் முன்பே போன மின்சாரம். போன் வந்த வீட்டை மட்டுமே நான் நினைத்திருந்தேன். சார்ஜ் தீர்ந்த போன்களிலிருந்து எனக்கு எதுவும் வரவில்லை.

பத்து நிமிடத்தில் இரண்டு வீட்டைப் பார்த்துவிட்டோம். முதல் வீட்டில் குற்றியில் பாதி இருந்தது. வீட்டுக்காரர் காலை முழுக்க மெதுவாக வைத்திருந்தார். இரண்டாவது வீட்டில் உறவினரின் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது.

அந்த வீட்டுக்காரி சந்தை முனையில் தையற்கடை வைத்திருந்தவர். காசநோய் வந்து போனபின் நுரையீரல் தேறவில்லை. வராந்தாவில் எங்கள் குற்றி நின்றது, முள் அடியில். பக்கத்தில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. மற்றச் செருப்பைத் தேடினேன், இல்லை. அக்கம்பக்கம் கேட்க ஓட்டுநர் போனார். அவர் திரும்பி வரும் வரை நான் அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தேன் என்பதை அன்றும் எழுதவில்லை, இப்போதும் எழுத விருப்பமில்லை.

"ஆட்டோவுல நெய்யாற்றின்கரைக்குக் கொண்டு போயிருக்காவ" என்று வந்து சொன்னார். "பதினோரு மணிக்கு. போற நேரம் பேசிட்டுத்தான் போனாவளாம்."

பதினோரு மணிக்கு நான் அலுவலகத்தில் அந்த வாரத்தின் முதல் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எல்லாக் குற்றிகளுக்கும் இடம் சரியாக இருந்தது.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர நாலு மணி ஆனது. பெண்கள் வார்டில் கடைசிக்கு முந்தின கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாயோடு. பார்த்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சாரே, மழையில நனைஞ்ச கோழி கணக்கா வந்திருக்கிய? குற்றியக் களவு கொண்டு போனது நீங்கதானா?"

"நான்தான்."

"நாலு வீட்டுக்காரும் ஒரு குற்றிக்குக் காவலிருந்தோம். ஒருத்தருக்கும் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டியளே. சொல்லியிருந்தா நாங்க வேற வழி பாத்திருப்போம்லா? அந்த அறைக்கு நடந்து போயி, இல்லேன்னு கண்டு, திரும்பி நடந்தேன் பாருங்க. அதுலதான் எனக்கு மூச்சு போச்சு."

ஓட்டுநர் வேறு பக்கம் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இனி எங்க வைக்கப் போறிய?"

"சபை அறையிலேயே. இந்தத் தடவை கம்ப்யூட்டர்ல எழுதி. முதலாளிக்கும் சொல்லி."

"அவரு சம்மதிப்பாரா?"

"தெரியாது. இன்னைக்கே சொல்லுவேன்." அன்றே சொன்னேன். முதலாளி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பது குற்றிகளையும் திரும்ப வைக்க மட்டும் வெள்ளிக்கிழமை காலையே அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் வியாழக்கிழமை மாலை, அந்த வார்டில் நின்றபோது, அது எனக்குத் தெரியாது.

"எப்பிடி எழுதுவிய? வாசிச்சுக் காட்டுங்க" என்றார் தையற்கடைக்காரர்.

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, அதன் பின்பக்கத் தாளில் நின்றுகொண்டே எழுதினேன். சபை அறையில் ஒரு குற்றி. நாலு வீட்டுக்குப் பொது. சாவி சபைச் செயலர் வீட்டில். எடுப்பவர் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். வாசித்தேன். அவர் குழாயைச் சரிசெய்துகொண்டு முழுவதையும் கேட்டார்.

"கரண்டு இல்லாட்டா போன் எப்பிடிச் செய்யியது? அத வெட்டுங்க. எதிர்வீட்டுல சொன்னாப் போதும்னு எழுதுங்க, அந்தப் பக்கம் கரண்டு உண்டு, அவ போன் செய்வா. பின்னே, சாவி. செயலருக்கு வியாழக்கிழமை ஜெபக்கூட்டம், வீட்டுல இருக்க மாட்டாரு. இன்னைக்கும் வியாழக்கிழமைதான். அந்த ஜன்னல் கதவ உள்ள தள்ளித்தான் நாங்க திறந்து பாத்தோம்."

வெட்டினேன். புதிதாக எழுதினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் எழுந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்திருந்தார். ஓட்டுநர் ஜன்னலருகே போய் வானத்தைப் பார்த்தார். இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது.

"ரெண்டாவது வரி தப்பு" என்றார் தையற்கடைக்காரர். "நாலு வீடு இல்ல, அஞ்சு. எங்க வீட்டுக்குப் பொறத்தால ஒரு வீடு உண்டு. அவுக வாங்கியது வேற கம்பெனியில, உங்க நோட்டுல இருக்காது. ஆனா முட்டுத் தட்டுப்பாடு வந்தா சபை அறையிலேந்துதான் எடுப்பாவ."

அந்த வீட்டில் இன்று மின்சாரம் இருந்ததா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றார். ஓட்டுநர் ஏற்கெனவே வண்டிச் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.